மாலை ஐந்தரைக்குப் பின்

முப்பத்தொன்பது வயதில் அவள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. நாற்பத்துநான்கு வயதிலும் இரண்டாம் ஆண்டு மாணவிதான். இடையில் ஒரு தேர்வில்கூட அவள் தோற்கவில்லை. பாறை எப்படி மண்ணாகிறது, ஆற்றில் கலந்த சாயத்தை எப்படி அளப்பது, காற்றில் மிதக்கும் தூசியை எப்படிப் பிடிப்பது என்று வரிசையாக எழுதித் தேறியிருக்கிறாள். ஆனாலும் பல்கலைக்கழகக் கணினியில் அவள் பெயருக்கு நேரே ‘ஆண்டு: 2’ என்றுதான் நின்றது. ஏதோ பிழை, யாராவது ஒருநாள் சரிசெய்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டாள். வேலை, வகுப்பு, வீடு என்று மூன்று பக்கமும் ஓடுகிறவளுக்கு அதைப் போய் விசாரிக்க ஏது நேரம்?

அது பிழை இல்லை என்று தெரியவந்தது ஒரு திங்கட்கிழமை மதியம்.

பாடப் பதிவு வாரம். சுற்றுச்சூழல் மற்றும் புவி அறிவியல் துறையின் கூடத்தில் நிற்க இடமில்லை. நாற்காலி கிடைக்காத பிள்ளைகள் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, போனுக்கு சார்ஜ் போட ஒரே பிளக்கைச் சுற்றி மொய்த்திருந்தார்கள். ஒரு அப்பா, மகன் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நிற்க, மகனுக்கும் சேர்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். டோக்கன் எண் மாறும்போதெல்லாம் மணி அடித்தது. அடிக்கும்போதெல்லாம் எல்லோரும் தலையைத் தூக்கி, தங்கள் எண் இல்லை என்று தெரிந்ததும் தொப்பென்று கீழே போட்டார்கள். அவள் சாப்பாட்டு நேரத்தை நீட்டிக்கொண்டு வந்திருந்தாள். வேலை செய்யும் இடத்துப் பூட்ஸை மாற்றக்கூட நேரமில்லை. அவள் நடந்த இடமெல்லாம் பளபளத்த தரையில் மெல்லிய சாம்பல் நிறத் தடம் விழுந்தது.

ஆலோசகருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். யார் எந்தப் பாடத்தை எப்போது எடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. காலையிலிருந்து பேசிப் பேசிக் குரல் கட்டிப்போயிருந்தது. பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“வாங்கம்மா, உக்காருங்க. பொண்ணுக்கா, பையனுக்கா?”

“எனக்குத்தான்.”

“ஐயோ, சாரி.”

“பரவால்ல சார். வருஷா வருஷம் யாராவது கேப்பாங்க. இந்த வருஷம் இன்னும் யாரும் கேக்கலையேன்னு பார்த்தேன்.”

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாக முடிந்தது. அவளுடைய எண்ணைத் தட்டித் திரையை அவள் பக்கம் திருப்பினார். பட்டத்துக்கு வேண்டிய பாடங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக, அம்புக்குறிகளால் கோத்து விரிந்தன. முடித்தவையும் இந்தப் பருவத்துக்குப் பதிந்தவையும் பச்சை. மற்றவை சிவப்பு. திரை முழுக்கப் பச்சையாக இருந்தது கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. வலது ஓரத்தில் மட்டும் மூன்று சிவப்புக் கட்டங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன.

“களப்பயிற்சி ஒண்ணு, ரெண்டு, மூணு,” என்றார் ஆலோசகர். “இந்தப் பருவத்தோட உங்க மத்த பாடமெல்லாம் முடியுது. இது மூணும்தான் பாக்கி.”

“அதான் சார். ஆபீஸ்ல லீவு சேர்த்து வெச்சிருக்கேன். மூணையும் இந்த வருஷமே முடிச்சிடலாம்னு...”

ஆலோசகர் வெந்நீரை இன்னொரு வாய் குடித்தார். கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன் தொண்டையை நனைத்துக்கொள்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

“ஒண்ணுல தேறினாத்தான் ரெண்டு. ரெண்டுல தேறினாத்தான் மூணு. ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு தடவைதான், பருவத் தேர்வுக்கப்புறம் வர்ற நடு விடுமுறையில. முதலாவது வெறும் பன்னிரண்டு நாள் வெளியூர் போய் வர்றது, அவ்வளவுதான். மத்த ரெண்டுக்கும் போறதுக்கு முன்னாடி ஒரு பருவம் முழுக்க ஆய்வக வகுப்பு இருக்கு. வாரத்துல மூணு நாள், மத்தியானம் மூணுலேர்ந்து சாயங்காலம் ஏழு வரைக்கும்.”

“அப்போ மூணு வருஷமா?”

“எல்லாம் ஒழுங்கா நடந்தா மூணு வருஷம்.” பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: “இதை ஏம்மா நீங்க முன்னாடியே எடுக்கலை? எல்லாரும் முதலாவதை முதல் வருஷத்துலயே முடிச்சிடுவாங்க. அது முடியாததாலதான் உங்களை இன்னும் இரண்டாம் ஆண்டுலயே காட்டுது.”

ஏன் எடுக்கவில்லை? அதற்குப் பதில் மிக எளிமையானது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

ஏழு வருடமாக, ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அவள் செய்தது ஒரே காரியம். பாடம் தேடும் பக்கத்தைத் திறந்ததும், வேறு எதையும் பார்ப்பதற்கு முன், ‘மாலை 5.30க்குப் பின்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுவாள். டிக் போட்டதும் நீண்டு கிடக்கும் பக்கம் கையடக்கமாகச் சுருங்கிவிடும். சுருங்கியதில் தனக்கு ஒத்துவருவதாக இரண்டைப் பிடித்துக்கொள்வாள். பகலில் நடக்கும் எதுவும் அவள் திரைக்கு வந்ததே இல்லை. பகலில் வேலைக்குப் போகிறவளுக்குப் பகல் நேரப் பாடம் எதற்கு? களப்பயிற்சி கட்டாயம் என்பது தெரியும். சேர்ந்த புதிதில் இருந்த ஆலோசகர், “அதையெல்லாம் கடைசில பார்த்துக்கலாம்மா, லீவு போட்டு ஒரே மூச்சா முடிச்சிடலாம்” என்று சொன்னதும் நன்றாக நினைவிருந்தது. சொன்னவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. அன்றைக்கு விதி அப்படித்தான் இருந்தது. பிறகு மாறியது. மாறிய விதியைப் பகல் நேரப் பாடங்களின் பக்கத்தில்தான் போட்டிருந்தார்கள்.

வெட்கத்தை விட்டு அவள் சொன்ன டிக் கதையைக் கேட்டதும் ஆலோசகர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது.

“இன்னொரு வழி இருக்கு,” என்றார். “பொது அறிவியல். உங்ககிட்ட இருக்கிற பாடங்களே அதுக்குப் போதும். களப்பயிற்சி வேண்டாம். இந்தப் பருவத் தேர்வை எழுதினீங்கன்னா பட்டம் கையில. ஆனா அந்தப் பிரிவை அடுத்த பருவத்தோட மூடுறாங்க. மாறணும்னா இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்.”

“மாறினா?”

“மாறினா மாறினதுதான். திரும்ப வர முடியாது. பட்டத்துல புவி அறிவியல்னு இருக்காது.”

மணி அடித்தது. அடுத்த எண். அவள் எழுந்து, நன்றி சொல்லி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அவள் வேலை செய்வது ஒரு மண் பரிசோதனைக்கூடத்தில். கட்டடம் கட்டப் போகிறவர்கள் அடியில் என்ன மண் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தோண்டும் குழுவினர் வண்டியில் போய், குழி போட்டு, ஆழத்துக்கு ஒரு பை என்று மண்ணைக் கட்டிக்கொண்டு வருவார்கள். வந்த பைகளைப் பிரித்து, தட்டில் கொட்டி, உலையில் காயவைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய சல்லடைகளில் போட்டு ஆட்டுவது அவள் வேலை. மேல் சல்லடையில் கூழாங்கல் நிற்கும். கடைசித் தட்டில் முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி தூள் விழும். சல்லடையை ஆட்டும் இயந்திரம் ஓடும்போது பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. அங்கே அவளுக்குப் பெயரே ‘சல்லடை’ என்று ஆகிவிட்டது.

ஆயிரக்கணக்கான பைகள் அவள் கைவழியாகப் போயிருக்கின்றன. ஒரு குழியைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை. தோண்டும் குழுவின் வண்டியில் மூன்றே இருக்கை. குழுவில் பெயர் இல்லாதவரை ஏற்றினால் காப்பீடு செல்லாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைச் சீட்டில் இருந்த முகவரியைத் தேடிக்கொண்டு அவளே போயிருக்கிறாள். குழி ஒரே நாள்தான் திறந்திருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் போனபோது அங்கே தகர வேலியும், அதற்குள் கொட்டிவைத்த ஜல்லியும், குரைக்க ஒரு நாயும் இருந்தன.

தோண்டும் குழுவுக்கு மாற வேண்டுமானால் புவி அறிவியலில் பட்டம் வேண்டும் என்று மேலாளர் சொன்ன அன்றைக்குத்தான் அவள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். இதை நினைத்தால் இப்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. மண்ணை அதன் இடத்தில் வைத்துப் பார்க்கத்தான் படிக்க வந்தாள். அதைக் காட்டும் பாடத்தை மட்டும் ஏழு வருடமாகத் தொடவில்லை.

“என்ன சல்லடை, மூஞ்சி தொங்குது?” என்று கேட்டார் தராசுக்காரர். சலித்த மண்ணை எடைபோடுகிறவர். அவளைவிட இரண்டொரு வயது மூத்தவர். எடைபோடும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஊர்க்கதை பேசுகிறவர்.

“இன்னும் மூணு வருஷமாம் அண்ணே.”

“ஜெயிலா?”

“படிப்பு.”

“ரெண்டும் ஒண்ணுதான். ஜெயில்ல சாப்பாடாவது அவங்க பொறுப்பு.”

இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவள் விவரம் சொன்னாள். தராசுக்காரர் கேட்டு முடித்து, யோசிப்பது போலக் கண்ணை மூடித் திறந்தார்.

“பேசாம அந்தப் பொதுவை வாங்கிட்டு வீட்டுக்குப் போ. சுவத்துல மாட்டினா எல்லாப் பட்டமும் ஒரே அளவுதான்.”

“மேலாளர் ஒத்துக்கணுமே.”

“கேட்டுப் பாரு. கேட்டா என்ன, கடிச்சா வெச்சிடுவாரு?”

கேட்டாள். மேலாளர் கடிக்கவில்லை, ஆனால் பிடியும் கொடுக்கவில்லை. போனில் யாரையோ காத்திருக்க வைத்துவிட்டு, கையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார்: “எனக்கு ஆட்சேபணையே இல்லம்மா. கட்டடக்காரன் கேப்பானே. குழுவுல இருக்கிறவங்க தகுதி என்னன்னு அறிக்கையோட முதல் பக்கத்துல போடணும். பொது அறிவியல்னு போட்டா, இவங்களுக்குப் பொதுவா என்ன தெரியும்னு கேப்பான். மூணு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்.”

கண்ணை மூடினால் திறக்க முடியாத அளவுக்குத் தூக்கம் பாக்கி இருந்தது அவளுக்கு. அதை மேலாளரிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை மாலை வகுப்பு இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் உள்ளறையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது: “பாஸா?”

“பாஸ்தான் மாமா.”

தினமும் கேட்பார். தினமும் அதே பதில். மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. மருமகள் ஏதோ படிக்கிறாள் என்பது மட்டும் தங்கிவிட்டது. தனியாக விட்டால் குழாயைத் திறந்து வைப்பார், அடுப்பைத் திறந்து வைப்பார், கதவையும் திறந்துகொண்டு நடையைக் கட்டிவிடுவார். பகலில் பார்த்துக்கொள்ள வரும் அம்மாள் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவாள். அதன்பிறகு பெரியவர்கள் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். வகுப்பு நாட்களில் கணவர் இருப்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, கம்பியையும் கப்பியையும் சரிபார்த்துவிட்டு, முழங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு வீடு வந்து சேர்வார்.

அன்றைக்கு அவர் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு முழங்காலில் வெந்நீர்ப் பை. மகள் மேசையில் கால்குலேட்டரோடு இருந்தாள். அடுத்த வருடம் வேறு ஊரில் கல்லூரியில் சேரப் போகிறவள். கணக்குப் பதிவியல் என்று ஆறு மாதம் முன்பே முடிவு செய்து, மூன்று வருடத்துக்கும் எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்று திட்டமும் போட்டு முடித்துவிட்டவள்.

இருவரிடமும் அவள் விஷயத்தைச் சொன்னாள். முதலில் வாய் திறந்தது மகள்தான்.

“அப்போ எனக்கு ஒரு வருஷம் முன்னாடிதான் நீ முடிப்ப. அம்மா, நீ எனக்கு சீனியரா, கிளாஸ்மேட்டா?”

“போடி.”

“நடுவுல ஒண்ணுல நீ கோட்டை விட்டா ரெண்டு பேரும் ஒரே வருஷம் பட்டமளிப்பு அங்கி மாட்டிக்கலாம். போட்டோ பார்க்கிறவங்க இதுல அம்மா யாருன்னு கேப்பாங்க.”

“கேக்க மாட்டாங்க,” என்றார் கணவர், வெங்காயத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

“ஏங்க!”

மகள் சிரித்துக்கொண்டே தாத்தாவுக்குப் பால் எடுத்துக்கொண்டு போனாள். சமையலறையில் கத்தியின் சத்தம் மட்டும் இருந்தது. அவள் எதிரில் உட்கார்ந்து பூண்டை உரிக்கத் தொடங்கினாள்.

“நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் என்ன சொல்றது? உன் படிப்பு.”

“இப்படிச் சொன்னா உங்களுக்குப் பிடிக்கலைன்னு அர்த்தம்.”

“பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னே சொல்லுவேன்.”

“சொன்னதே இல்லையே நீங்க. ஏழு வருஷத்துல ஒரு தடவைகூட.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். வெந்நீர்ப் பையை மற்ற முழங்காலுக்கு மாற்றினார். வெங்காயத்தால் கண் கலங்கியிருந்ததால் அவர் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“கன்ட்ரோல் ரூம்ல எடம் காலியாகுது. இருக்கிறவரு நாலு மாசத்துல ரிட்டயர் ஆறாரு. எனக்கு வேணுமான்னு மறுபடி கேட்டாங்க.”

“மறுபடின்னா?”

“இது மூணாவது தடவை.”

கன்ட்ரோல் ரூம் என்றால் நாற்காலி. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மணியை அழுத்தினால் எடுத்துப் பேச வேண்டும். பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்கு என்று சொல்ல வேண்டும். ஆளை அனுப்ப வேண்டும். ஏற வேண்டாம், தொங்க வேண்டாம், முழங்கால் மடிக்க வேண்டாம். நேரம் மட்டும் மத்தியானம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. அவள் வகுப்பில் இருக்கும் நேரம்.

“ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லிட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?”

“சொன்னா நீ படிப்பை விட்டுடுவ. விட்டுட்டு, உங்களாலதான் விட்டேன்னு காலம் பூரா சொல்லிக் காட்டுவ. அதுக்கு லிஃப்ட் மேல நிக்கிறதே தேவலாம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?”

“இந்தப் பருவத்தோட முடியுதுன்னு நெனச்சேன். முடிஞ்சதும் அந்த நாற்காலியில போய் உக்காரலாம்னு.” கத்தியை எடுத்தார். மறுபடி வைத்தார். “உன்னைப் போகாதேன்னு சொல்லலை. போன்னும் சொல்ல முடியலை. எனக்கு அலுத்துப்போச்சு. அவ்வளவுதான்.”

இருபது வருட வாழ்க்கையில் அவர் இந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை. முழங்கால் வலி, முதுகு வலி, மேலதிகாரி தொல்லை எல்லாம் சொல்லுவார். அலுப்பு என்று சொன்னதில்லை. அவளுக்கும் அலுப்புதான். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அலுத்துக்கொண்டு இத்தனை வருடம் காலம் தள்ளியிருக்கிறார்கள். பூண்டு உரித்து முடிந்தது. தேவைக்கு மேலேயே உரித்துவிட்டிருந்தாள்.

அன்றைக்கே முக்கால்வாசி முடிவாகிவிட்டது. பொது அறிவியல். அவர் நாற்காலியில் உட்காரட்டும். தனக்கும் மாலைகள் திரும்பக் கிடைக்கும். ஒரு மனுஷி மாலை ஆறு மணிக்குச் சும்மா ஜன்னலோரம் நிற்பது எப்படி இருக்கும் என்றே மறந்துபோயிருந்தது. மிச்சக் கால்வாசி எங்கே இடிக்கிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

வியாழக்கிழமை மாலை வகுப்பில் பிடிபட்டது.

நிலத்தடி நீர்ப் பாடம். ஆசிரியை இளவயதுக்காரி, படபடவென்று பேசுவாள். திரையில் ஒரு படம் போட்டாள். வெட்டிய குழியின் பக்கச்சுவர்: மேலே கறுப்பு, கீழே பழுப்பு, அதன்கீழ் வெளிறிய மஞ்சள், எல்லாவற்றுக்கும் அடியில் ஈரம் கசியும் சாம்பல் நிறக் களிமண். “இந்தக் கோடு இருக்கே, இங்கதான் தண்ணி நிக்கும். இதை நீங்க எல்லாரும் களத்துல பார்த்திருப்பீங்க. விரலால தொட்டா ஜில்லுன்னு இருக்கும், ஞாபகம் இருக்கா?”

வகுப்பு தலையாட்டியது. அவளும் ஆட்டினாள்.

ஆட்டிய பிறகுதான் உறைத்தது. எத்தனை வகுப்பில் இப்படி ஆட்டியிருக்கிறாள்! பார்த்திருப்பீங்க, தொட்டிருப்பீங்க, ஞாபகம் இருக்கும் என்று ஆசிரியர்கள் சொல்லும்போதெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து, இருப்பதிலேயே மூத்த மாணவி, எல்லாம் தெரிந்தவள் போலத் தலையை ஆட்டியே பாதிப் பட்டத்தை வாங்கியிருக்கிறாள். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. கொட்டாவி விட்டுக்கொண்டே ஆட்டினாள். அந்தப் பெண்ணிடம் இவள் மெதுவாகக் கேட்டாள்:

“உண்மையிலயே ஜில்லுன்னு இருக்குமா?”

“என்னது?”

“அந்தக் களிமண்.”

அந்தப் பெண் விநோதமாகப் பார்த்தாள். “இருக்கும் ஆன்ட்டி. ஆனா எங்களுக்கு மழை பெஞ்சு எல்லாமே ஜில்லுன்னுதான் இருந்துச்சு. பூச்சிக்கடி வேற. பன்னிரண்டு நாளும் ஒரே சேறு. எப்படா முடியும்னு இருந்துச்சு.”

அவளுக்குப் பொறாமையாக இருந்தது. பூச்சிக்கடியைக் கேட்டுப் பொறாமைப்படும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று பஸ்ஸில் வரும்போது தன்னையே நொந்துகொண்டாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய், இறங்கித் திரும்ப நடந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் கூடத்தில் கூட்டம் இன்னும் அதிகம். கடைசி நாள் என்பதால் மாற வேண்டியவர்கள், மாறலாமா என்று தெரியாதவர்கள், மாறிவிட்டு அழுகிறவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். குறிப்பெடுத்த அப்பா இன்றைக்கும் வந்திருந்தார், மகனைக் காணவில்லை. ஆலோசகரின் குரல் சுத்தமாகப் போயிருந்தது. காற்றுதான் வந்தது.

“முடிவு பண்ணிட்டீங்களா?”

“பொது அறிவியல்.”

அவர் தலையசைத்துப் பக்கத்தைத் திறந்தார். பச்சைக் கட்டங்கள் எல்லாம் ஒருமுறை மறைந்து, வேறு வரிசையில் வந்து நின்றன. சிவப்பு ஒன்றுகூட இல்லை. உறுதிசெய்யும் பொத்தானுக்கு மேல் அவர் விரல் நின்றபோது அவள் குறுக்கிட்டாள்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? பட்டம் இல்லாம, அந்த முதல் களப்பயிற்சிக்கு மட்டும் போக முடியுமா?”

“பட்டத்துக்கு வேண்டாமே அது உங்களுக்கு.”

“பட்டத்துக்கு இல்லை சார். சும்மா போகணும்.”

ஆலோசகர் அவளைப் பார்த்தார். வெளியே மணி அடித்தது, யாரோ கதவைத் தட்டித் தலையை நீட்டி, “சார், எவ்வளவு நேரம்?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

“தனிப்பாட மாணவர்னு ஒண்ணு இருக்கு,” என்றார் மெதுவாக. “பள்ளிக்கூட ஆசிரியருங்க சில பேர் அப்படி வந்து ஒரு பாடம் படிச்சிட்டுப் போவாங்க. களப்பயிற்சிக்கு அப்படி யாரும் கேட்டதில்லை. கூடாதுன்னும் விதி இல்லை.” தட்டிப் பார்த்தார். “எடம் இருக்கு. ஆனா நல்லா கேட்டுக்கோங்க. நாளைக்கு இதைக் கொண்டுவந்து எதுலயும் சேர்க்கச் சொல்ல முடியாது. ரெண்டாவது, மூணாவது எடுக்க இது உதவாது. உங்க வேலைக்கும் ஆகாது. எதுக்கும்மா இந்த வயசுல...” நாக்கைக் கடித்துக்கொண்டார். “சாரி. எதுக்குன்னு கேட்டேன்.”

“ஒரு குழியைப் பார்க்கணும் சார். நான் இன்னும் பார்த்ததில்லை.”

அவர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. இரண்டு பொத்தான்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினார். பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் வரை இருக்க வேண்டும், மழைக்கோட்டு அவரவர் பொறுப்பு, மலையேறுகிற நாட்களில் யாருக்காகவும் பஸ் காத்திருக்காது என்றார். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்று கணவருக்குப் போன் செய்தாள். பின்னணியில் இரும்பில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது.

“நாற்காலிக்குப் பேரைக் கொடுத்துடுங்க.”

சத்தம் நின்றது. “நல்லா யோசிச்சியா?”

“யோசிச்சேன். யோசிக்கத் தெம்பு இருந்த வரைக்கும் யோசிச்சேன். ஆனா ஒரு பன்னிரண்டு நாள் நான் ஊர்ல இருக்க மாட்டேன். நடு விடுமுறையில.”

“எங்க போற?”

“சேத்துல நிக்க.”

“தங்கச்சியை வந்து அப்பாகூட இருக்கச் சொல்றேன். வாய்க்கு ருசியா வாங்கிப் போட்டா வந்துடுவா,” என்றார். யாரோ மேலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை மேலாளரிடம் சொன்னாள். சரிம்மா, உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு, தோண்டும் குழுவில் அடுத்துக் காலியாகும் இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் தேடச் சொல்லிவிட்டார். அவள் சல்லடை அறையிலேயே இருக்கிறாள்.

தேர்வு முடிந்த அடுத்த வாரம் துறை வாசலிலிருந்து பஸ் கிளம்புகிறது. முப்பத்திரண்டு மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள், அவள். பன்னிரண்டாம் நாள் முடிவில் அவளுக்கும் மதிப்பெண் போடுவார்கள். அது எந்தப் பட்டத்திலும் சேராது. அவள் திரும்பி வந்த மறுநாள், மத்தியானம் இரண்டு மணிக்கு, கணவர் கன்ட்ரோல் ரூமில் வேலைக்குச் சேருகிறார்.